ஓசையடங்கிய வானூர்திகள்

வானிற் பறத்தல் வேண்டும் என்னும் வேட்கை மனிதர்க்குப் புதிதன்று. பாகன் செலுத்தாமலே செல்லும் வானவூர்தி ஒன்றைப் புறநானூற்றுப் புலவர் நினைந்து பாடினார். திருத்தக்கதேவர் சீவக சிந்தாமணியிலே மயிற்பொறி ஒன்றை வானில் ஏற்றினார். அதன் விசையை வலப்புறம் திருகின் மேலெழும். இடப்புறம் திருகின் கீழிறங்கும். சச்சந்தன் தேவியாகிய விசயை அதில் ஏறித் தப்பிச் செல்கையில், பகைவனது வெற்றி முரசின் ஓசை செவியிற்பட மூர்ச்சையுற்றாள்; மயில் சுடுகாட்டிலே இறங்கிற்று. நம் இலங்கைக்கோ இராவணனது புட்பக விமானம் உண்டு. இவற்றைக் கற்பிக்குந்தோறும், “உண்மையாகவே பறந்ததா, சேர்?” என்று ஒருவனாவது வினவாத ஆண்டு இல்லை. “முதலிற் பறந்தது புலவரின் உள்ளம், பின்னர்ப் பறந்தது தொழிலாளரின் கைத்திறன்” என்று விடையிறுப்பது எம் வழக்கம். அக்கைத்திறனை மாணாக்கர்க்குக் கண்ணாரக் காட்டும் வாய்ப்பு அண்மையில் ஒரு கல்விச் சுற்றுலாவிலே கிட்டிற்று.

செங்கலடியிலிருந்து இரவிற் புறப்பட்ட எம் பேருந்து, வாழைச்சேனை, மன்னம்பிட்டி, பொலநறுவை, தம்புள்ளை வழியாகச் சென்று விடியற்காலையிற் கொழும்பை அடைந்தது. துறைமுகமும் தேசிய நூதனசாலையும் பார்த்தாயிற்று. மாணாக்கர் பன்னாள் வேண்டிக்கொண்டதற்கு இணங்க, மறுநாள் இரத்மலானையிலுள்ள இலங்கை விமானப்படை நூதனசாலைக்குச் சென்றோம். மாணாக்கர் யாவரும் போர் முடிந்த 2009 ஆம் ஆண்டின் பின்னர்ப் பிறந்தவர்கள். வாயிலை அடையுமுன்னரே அவர்கள் நடை ஓட்டமாயிற்று. எம் நடை சற்றுத் தளர்ந்தது. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

இரத்மலானை, இந்நாட்டு வானூர்தி வரலாற்றின் தலைவாயில். 1935 நவம்பர் 27 இல் சென்னையிலிருந்து வந்த சிறு வானூர்தியொன்று அங்கே முதன்முதலாக இறங்கியது. 1938 இல் தாத்தா நிறுவனத்தின் வானூர்தி அஞ்சற் பொதிகளோடு வந்தது. 1947 டிசம்பர் 10 இல் ஏயார் சிலோன் நிறுவனத்தின் முதற் சேவை இங்கிருந்தே காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் புறப்பட்டது. 1951 மார்ச் 2 இல் அரச இலங்கை விமானப்படை தோன்றியது. அப்படையிற் பணிமுடித்த பழைய வானூர்திகளைப் பேணும் பொருட்டு 1993 இல் ஏற்பட்ட இடமே, 2009 நவம்பரில் புதுப்பொலிவுடன் நூதனசாலையாகத் திறக்கப்பெற்றது. எமக்கு வழிகாட்டிய இளைஞர் சிங்களத்திலும் சிறிது தமிழிலும் விளக்கினார். இரண்டாம் மொழியாகச் சிங்களம் நன்கு கற்ற மாணவன் ஒருவன் எஞ்சியதை மொழிபெயர்த்தான். தான் கற்ற மொழி வகுப்பறைக்கு வெளியே பயன்படுதலைக் கண்டு அவன் முகம் மலர்ந்ததும் அன்றைய காட்சிகளுள் ஒன்று.

அங்கே எம்மை முதலிற் கவர்ந்தவை போர்ப்பொறிகள் அல்ல, பயிற்சி வானூர்திகளே. ஆசிரியர் கண் ஆசிரியரைத் தேடுதல் இயல்பன்றோ? ‘டைகர் மொத்’ என்னும் வானூர்தி 1931 இல் முதலிற் பறந்தது. மேலும் கீழுமாக ஈரடுக்குச் சிறகுகள்; மரச்சட்டத்தின்மேல் துணியை இழுத்துப் போர்த்து, துணி இறுகுமாறு ஒருவகைப் பூச்சுப் பூசியிருப்பர். அதன் வலிமை 130 குதிரைவலு. முன்னே நின்று ஒருவர் சுழல்விசிறியைக் கையாற் சுற்றிவிட்டே இயந்திரத்தைத் தொடக்குதல் வேண்டும். திறந்த வெளியில் இரண்டு இருக்கைகள், ஒன்றன்பின் ஒன்று. முன்னிருக்கை ஆசிரியர்க்கு, பின்னிருக்கை மாணவனுக்கு. காற்றின் பேரோசையில் வாய்ச்சொல் கேளாதாதலின், இருவருக்குமிடையே ஒரு பேசுகுழாய். மாணவன் காண்பது ஆசிரியரின் பின்தலையை. கேட்பது குழாய்வழி வரும் கட்டளையை.

அடுத்து ‘சிப்மங்க்’. 1946 இல் முதலிற் பறந்த இது, அரச இலங்கை விமானப்படையின் முதல் வானூர்தி வகை. இதிலும் இருக்கைகள் ஒன்றன்பின் ஒன்றே. ஆயினும் முறை மாறிவிட்டது. மாணவன் முன்னே, ஆசிரியர் பின்னே. மாணவன் எதிரே வானம் தடையின்றி விரிகின்றது. ஆசிரியர் கண்ணுக்குத் தோன்றாராயினும் அவர் கை தயார்நிலையில் இருக்கின்றது. அதனை அடுத்தது ‘பலியோல்’. பிரித்தானியாவுக்கு வெளியே இவ்வகையை வாங்கிப் பயன்படுத்திய நாடு இலங்கை ஒன்றே. இதிலும், பின்வந்த ‘ஜெற் புரொவோஸ்ட்’ வகையிலும் ஆசிரியரும் மாணவரும் அருகருகே அமர்வர். ஒருவர் முகத்தை ஒருவர் காணலாம். ஒரே காட்சியை இருவரும் நோக்கலாம். ஆசிரிய கலாசாலையிலே கற்பித்தல் முறைகளை ஈராண்டு பயின்ற எமக்கு, அக்கல்வியின் சாரம் முழுவதும் இம்மூன்று இருக்கை முறைகளில் அடங்கியிருப்பதாகத் தோன்றிற்று. முன்னே இருந்து நடத்துதல், பின்னே இருந்து காத்தல், அருகே இருந்து துணைசெய்தல் ஆகிய மூன்றும் வேண்டுவனவே. எவனுக்கு எப்பொழுது எது என்று அறிவதே கடினம்.

பின்னர் ‘டக்கோட்டா’ முன் வந்து நின்றோம். 1935 டிசம்பரில் முதலிற் பறந்த டீசீ 3 என்னும் பயணிகள் வானூர்தியின் படைவடிவம் இது. பதினாயிரத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பெற்றன. சிறகின் ஒருமுனையிலிருந்து மறுமுனைவரை ஏறத்தாழ 29 மீற்றர். இரு சிறகிலும் இரு பெரும் இயந்திரங்கள். ஒவ்வொன்றிலும் விண்மீன் கதிர்போல் வட்டமாக அமைந்த பதினான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1,200 குதிரைவலு உடையது. வாற்புறத்திலே சிறு சக்கரம் ஒன்றே உள்ளமையின், தரையில் நிற்கும்போது இது முகத்தை உயர்த்தி வானத்தை நோக்கியே நிற்கும். பயணிகள் மேடேறுவார் போல் நடந்துதான் தம் இருக்கையை அடைதல் வேண்டும். போருக்கென ஆயிரக்கணக்கிற் செய்யப்பெற்ற இவ்வகை, போர் ஓய்ந்தபின் உலகெங்கும் ஊரோடு ஊரை இணைக்கும் வண்டியாயிற்று. ஏயார் சிலோன் தன் தொண்டைத் தொடங்கியதும் டக்கோட்டாக்களைக் கொண்டே.

அங்கேதான் பத்தாந்தர மாணவன் ஒருவன் எம் சட்டைக் கையைப் பற்றி, “சேர், இது பறக்கேக்குள்ள என்ன மாதிரிச் சத்தம் போடும்?” என்று வினவினான். வழிகாட்டியை நோக்கினோம். தாமும் டக்கோட்டாவின் ஓசையைக் கேட்டதில்லை என்றார் அவர். அருகே நின்ற அறிவிப்புப் பலகை ஆண்டைச் சொல்லிற்று, எடையைச் சொல்லிற்று, வேகத்தைச் சொல்லிற்று. ஓசையைச் சொல்லவில்லை. மாணாக்கரை நிழலில் அமர்த்தி, வானூர்தியின் ஓசையை எம் மண் மூன்று தலைமுறையாக எவ்வாறு கேட்டது என்பதனைச் சொல்லத் தொடங்கினோம்.

முதலாவது, எம் பாட்டனார் கேட்ட ஓசை. 1942 ஏப்ரல் 4 இல் கொக்கலையிலிருந்து சென்ற கற்றலினா என்னும் கடல்வானூர்தி, யப்பானியக் கப்பற்படை இலங்கையை நோக்கி வருதலைக் கண்டு செய்தி அனுப்பியது. மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது. 9 ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. தாக்குதலுக்கு முன்னர்த் திருகோணமலையை விட்டு வெளியேறியிருந்த ‘ஹேமிஸ்’ என்னும் பிரித்தானியக் கப்பல், அன்று காலை மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலிலே யப்பானியரின் கண்ணிற் பட்டது. வானூர்தி தாங்குதற்கென்றே வரையப்பெற்ற உலகின் முதற் கப்பல் அது. அன்று அதன் தளத்திலோ வானூர்தி ஒன்றேனும் இல்லை. குண்டுவீச்சு வானூர்திகள் அலையலையாக வந்து தாக்கச் சிறிது நேரத்தில் மூழ்கிற்று. 307 பேர் மாண்டனர். உடன்சென்ற ‘வம்பயர்’ என்னும் அவுஸ்திரேலியக் கப்பலும் மூழ்கியது. ‘வீட்டா’ என்னும் மருத்துவக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைக் காத்தது. கடற்கரையில் நின்ற எம் பாட்டனார், பங்குனி வெயிலில் இடி முழங்குவது எவ்வாறு என்று வியந்தாராம். அது இடியன்று என அவர் அறிந்தது மறுநாளே.

இரண்டாவது, எம் தந்தையார் கேட்ட ஓசை. 1958 நவம்பரில் மட்டக்களப்பு வாவியோரத்து விமான நிலையத்தைப் பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க திறந்து வைத்தார். அதன் பின்னர் ஏயார் சிலோன் டக்கோட்டாவைப் பார்த்தற்கென்றே ஊர்கள் திரண்டு சென்றன. எம் தந்தையார் அப்பொழுது பத்து அகவைச் சிறுவர், மாட்டுவண்டியிற் சென்றவர். “முதலிற் கண்டதில்லை, கேட்டதுதான், வாவித் தண்ணீருக்கு மேலாலே தேனீக்கூட்டம் வாறமாதிரி வந்தது” என்று இன்றும் சொல்வார். அவ்வோசையை அவர் வாயினாற் செய்து காட்டுவதும் உண்டு. அச்சம் அதில் இல்லை. கொழும்பு அருகில் வந்துவிட்டது என்னும் மகிழ்ச்சியே அதில் உண்டு. பயணச்சீட்டு வாங்கும் வசதி எம் குடும்பத்திற்கு என்றும் இருந்ததில்லை. ஆயினும் அந்த வானூர்தி தமதே என்று அவர் நினைத்திருந்தார்.

மூன்றாவது, யாம் கேட்ட ஓசை. யார்மீதும் பழி சொல்லுதற்காக இதனை எழுதுகின்றோமல்லோம். நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே மாணாக்கர்க்குச் சொன்னோம். போர்க்காலத்துச் செங்கலடியிலே ‘ஹெலி’, ‘பொம்மர்’ என்னும் இரு சொற்கள் அரிச்சுவடிக்கு முன்னரே எம் நாவில் ஏறின. முதலில் வாவிக்கரைக் கொக்குகள் எழும். பின்னர் நாய்கள் குரைக்கும். அதன் பின்னரே ஓசை எம் செவிக்கு எட்டும். பள்ளி வளவின் ஓரத்திலே பதுங்குகுழி வெட்டப்பட்டிருந்தது. சிறியோரை முதலில் இறக்கிப் பெரியோரை அடுத்து இறக்கித் தாம் இறுதியாக இறங்குவார் எம் தமிழாசிரியர். அவ்விருளிலே மனனப் பாட்டுகளை அவர் சொல்லித்தருவார். மேலே கேட்கும் ஓசையை எம் குரல் மூடும்வரை உரக்க ஒப்புவிப்போம். யாம் தமிழாசிரியரானமைக்குக் காரணம் வினவுவோர் உளர். அப்பதுங்குகுழியே எம் முதல் ஆசிரிய கலாசாலை என்பதன்றி வேறு விடை எம்மிடம் இல்லை. இன்றும் தாழப் பறக்கும் வானூர்தியின் ஓசை எழுந்தால், கரும்பலகையில் எழுதும் எம் கை ஒரு கணம் நிற்கின்றது. மாணாக்கர் அதனைக் கவனித்ததில்லை. வாயிலிலே எம் நடை தளர்ந்ததன் காரணமும் இதுவே.

மாணவன் மொழிபெயர்க்க வழிகாட்டியும் இவை யாவற்றையும் கேட்டு நின்றார். அதன் பின்னர் எம்மை மீண்டும் டக்கோட்டாவின் அருகே அழைத்துச் சென்று, அதன் இயந்திரத்தைப் பற்றி ஒன்று சொன்னார். நெடுநாள் ஓடாது நிற்பின், கீழ்ப்புறச் சிலிண்டர்களிலே எண்ணெய் இறங்கித் தேங்கிவிடும். அதனை அறியாது திடீரென முடுக்கினால் இயந்திரம் சிதைந்து போம். ஆகவே தொடக்குமுன் சுழல்விசிறியைக் கையால் மெல்லச் சுற்றித் தடை உண்டோ என்று பார்த்தல் வேண்டும் என்றார். நெடுங்காலம் பேசாதிருந்த நினைவுகளையும் அவ்வாறே மெல்லச் சுற்றித்தான் தொடக்குதல் வேண்டும் போலும் என்று எண்ணிக்கொண்டோம்.

ஊர் திரும்பியபின், இலண்டனில் வாழும் எம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்திருந்தார். அவரிடம் இதனைக் கூறியபோது, பழைய வானூர்திகளைப் பறக்கவைத்தே காட்டும் நூதனசாலை ஒன்றனைத் தாம் கண்டமையைச் சொன்னார். இங்கிலாந்திலே பெட்போர்ட்சயர் மாவட்டத்து ஓல்ட் வோர்டன் என்னும் சிற்றூரில் உள்ளது அது. ரிச்சர்ட் சட்டில்வேர்த் என்பார் 1928 இல் தொடங்கிய சேகரிப்பு. அவர் 1940 இல் விமானப்படைப் பணியிலே வானூர்தி விபத்தில் மறைந்தார். மகனை இழந்த அன்னையார் அவர் நினைவாக அறக்கட்டளை நிறுவினார். 1963 முதல் பொதுமக்கள் பார்வைக்கு அச்சேகரிப்புத் திறக்கப்பெற்றது. அங்கே 1909 ஆம் ஆண்டுப் பிளேரியோ வானூர்தி ஒன்று உண்டு. தன் பழைய இயந்திரத்தோடு இன்றும் எழக்கூடிய வானூர்திகளுள் உலகிலேயே மூத்தது அதுவாம். காற்று அறவே ஓய்ந்த மாலையிலே மட்டும், ஓடுதளத்தின்மேற் சிறிது தூரம் தாழப் பறந்து இறங்கிவிடும். நம் அயலகமாகிய இந்தியாவிலும் இம்மரபு உண்டு. பிரித்தானியாவிற் புதுக்கப்பெற்ற பழைய டக்கோட்டா ஒன்று 2018 இல் பறந்தே இந்தியா வந்து, ‘பரசுராமா’ என்னும் பெயரோடு இந்திய விமானப்படையின் பழம்பெரும் வானூர்திகளோடு சேர்ந்தது.

பழைய பொறியைப் பறக்கவிடுதல் தகுமோ என்று வினவுவாரும் உளர். ஒவ்வொரு பறப்பிலும் ஒரு பகுதி தேய்கின்றது. தேய்ந்ததை மாற்றுந்தோறும் பழமை குறைகின்றது. விபத்து நேரின் பொறியோடு உயிரும் போகும். இவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. உலகில் ஒன்றே எஞ்சியதாயின், அதனை நிறுத்திக் காத்தலே அறிவு. ஆயினும் பறக்கும் பொறியோடு மற்றொன்றும் பிழைக்கின்றது. துணியை இழுத்துப் போர்க்கும் கை, இயந்திரத்தின் இருமலைக் கேட்டே நோயறியும் செவி, காற்றின் போக்கை முகத்தால் உணரும் ஓட்டுநர் ஆகியோரின் கலை அது. நிறுத்தி வைத்த பொறி தன் உருவத்தை மட்டுமே காத்துத் தருகின்றது.

இதனைப் பிறர் சொல்லி நாம் அறிய வேண்டுவதில்லை. காரைதீவு தந்த விபுலாநந்த அடிகளார் செய்ததும் இத்தகைய தொண்டேயன்றோ? சிலப்பதிகாரத்திலும் பிற பழநூல்களிலும் பெயரளவில் நின்ற யாழை, அறிவியற் புலமையும் தமிழ்ப் புலமையும் ஒருங்கே கொண்டு ஆராய்ந்து, நரம்புகளின் அளவும் சுருதியும் கணித்தார். அவ்வாராய்ச்சியே 1947 இல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக யாழ்நூல் என வெளிவந்தது. அடிகளார் விரும்பியது கண்ணாடிப் பேழையிலுள்ள யாழை அன்று, கேட்கும் யாழையே. வாவியிலே பாடும் மீனின் ஒலியைக் கேட்டறியப் படகேறிச் செல்லும் மரபினர் நாம். ஓசையின் அருமையை நமக்கு யார் கற்பித்தல் வேண்டும்?

சுற்றுலாவின் பின்னர், ‘எம் வீட்டார் கேட்ட வானோசை’ என்னும் தலைப்பிலே கட்டுரை வரையப் பணித்தோம். பாட்டியரிடமும் மாமாமாரிடமும் வினவி மாணாக்கர் எழுதி வந்தனர். எம் கரும்பலகை அனுபவத்தை ஒத்தவை பல. ஒன்று மட்டும் வேறு. டக்கோட்டாவின் ஓசையை வினவிய அதே மாணவன், தன் அன்னையார் வீட்டுப்பணிக்குக் குவைத் சென்ற நாளைப் பற்றி எழுதியிருந்தான். இரவில் எம் ஊருக்கு மேலே உயரத்திற் செல்லும் வானூர்தியின் மெல்லோசை கேட்கும்போதெல்லாம், அது போகின்றதோ வருகின்றதோ என்று செவிசாய்த்துப் படுத்திருப்பானாம். நாலாம் தலைமுறைக்கு வானூர்தி வியப்பை மட்டுமே தரும் என்று கருதியிருப்போர் அவன் ஏட்டைப் படித்தல் நன்று. அதற்கு யாம் புள்ளி இடவில்லை. கீழே கையொப்பம் மட்டும் இட்டோம்.

1983 இல் விமானப்படையின் வசமான மட்டக்களப்பு விமான நிலையம், 2018 மார்ச்சில் பொதுமக்களின் உள்நாட்டுப் பயணத்துக்கென மீளத் திறக்கப்பெற்றது. ஹேமிஸ் இன்றும் நம் கடலடியிலே, ஏறத்தாழ 50 மீற்றர் ஆழத்திற் கிடக்கின்றது. இரும்பைக் கடலும் காப்பகமும் பேணும். ஓசையைப் பேணுதற்கு மனிதரின் செவியும் நாவுமே உண்டு. 1942 ஐக் கேட்ட செவிகள் இன்று மிகச் சில. 1958 ஐக் கேட்டவை நாளுக்கு நாள் குறைகின்றன. இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவப் பெரியோர்காள்! தாங்கள் கேட்டவற்றை இரண்டு பக்கமேனும் எழுதி எம் கல்லூரி நூலகத்துக்கு அனுப்புங்கள். எழுத இயலாதோர் சொல்லுக. எம் மாணாக்கர் கைத்தொலைபேசியோடு வீடு தேடி வந்து ஒலிப்பதிவு செய்துகொள்வர். இனிமையானதையும் சொல்லுக, அஞ்சியதையும் மறையாது சொல்லுக. கட்டுரைகளை வைத்தற்கென நூலகத்தில் ஒரு தட்டு ஒழித்து வைத்துள்ளோம். இப்பொழுது அதில் உள்ளவை முப்பத்தெட்டு மாணாக்கரின் கட்டுரைகள் மட்டுமே.